பழைய பெட்டியின் வெளிச்சம்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். ஆனால், அப்பாட்டை எவ்வாறு கேட்பது என்பதை வாவிக்கரையில் வாழ்ந்தோரே நன்கு அறிவர். முழுநிலாக் காலத்தில், காற்று அடங்கிய பின்னர், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையிற் காதை வைத்தல் வேண்டும். ஓசை மரத்தின் வழியே ஏறிக் காதை வந்தடையும். இன்று நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைத் தெளிவாகப் பதிவு செய்துவிடலாம். அப்பதிவை ஒரு முதிய மீனவருக்குப் போட்டுக் காட்டினால், "இது மீன்தான், ஆனால் நான் கேட்டது இதுவல்ல" என்று அவர் சொல்லவும் கூடும். அவர் அன்று கேட்டது மீனை மட்டுமன்று; மரத்தையும் சேர்த்தே கேட்டார்.

இதனை இவ்வாரம் நமக்கு நினைவூட்டியது மீனன்று, ஒரு விளையாட்டு.

திராய்மடுவில் வாழும் நம் உறவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். முன்னர் நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் வாழ்ந்த குடும்பம் அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை வீட்டையும், வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையும், புகைப்பட அல்பங்களையும் ஒருங்கே கொண்டு சென்றது. குடும்பத் தலைவருக்கும் அவர் தம்பிக்கும் பிள்ளைப் பருவத்துப் படம் ஒன்றேனும் இன்று இல்லை. தம்பி சுவிற்சர்லாந்தில் இருக்கிறார்.

உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மகன் அன்று தந்தைக்கு ஒரு வியப்பைக் காட்டக் காத்திருந்தான். தந்தையும் சிற்றப்பாவும் சிறு வயதில் விளையாடிய 'கொன்ட்ரா' என்னும் ஆட்டத்தைக் கணினியில் ஓடச் செய்திருந்தான். 1988ஆம் ஆண்டில் நின்டென்டோ பொறிக்கு வந்த ஆட்டம் அது. பழைய பொறியின் செயலைப் புதிய கணினியிற் பாவனை செய்யும் மென்பொருளை 'எமுலேற்றர்' என்பர். அத்துடன் 'ஷேடர்' எனப்படும் சிறு நிரலொன்றையும் சேர்த்திருந்தான். அது தட்டைத் திரையைப் பழைய கண்ணாடிக் குழாய்த் திரைபோலத் தோற்றச் செய்வது. வரி வரியாக இருள், சிவப்பும் பச்சையும் நீலமுமான நுண்புள்ளிகள், ஓரங்களில் இலேசான வளைவு. அனைத்தும் அழகாகவே இருந்தன.

தந்தை சிறிது நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நல்லாத்தான் இரிக்கி மனே. ஆனா இது எங்கட ரி.வி. இல்ல."

பையன் முகம் வாடிவிட்டது. நமக்கோ, இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆராய வேண்டிய பொருள் நிறைய இருப்பதாகப் பட்டது.

குழாய் வரைந்த கோலம்

பழைய பெட்டியைப் பார்த்தறியாத மாணவர்க்காக அதன் செயலை முதலிற் சொல்லிவிடுவோம். கதோட்டுக் கதிர்க் குழாயை 1897இல் உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் பேர்டினன்ட் பிரவுன். காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்புறத்திலிருந்து இலத்திரன்கள் கற்றையாகப் பாய்கின்றன. முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒளிர்பூச்சு. கற்றை பட்ட இடம் ஒளிர்கிறது. கற்றை நகர்ந்ததும் மங்குகிறது. ஒரு பெண் வாசலிற் கோலமிடுவது போல, அக்கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்து, மீண்டு வந்து, அதன் கீழே இன்னொரு கோடு இழுக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் பயின்ற 'பால்' முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகள், பின்னர் அவற்றின் இடைகளில் மறுபாதி என, செக்கனுக்கு 50 முறை திரை நிரப்பப்பட்டது.

விளையாட்டுப் பொறி இதில் ஒரு சிறு தந்திரம் செய்தது. அது மறுபாதிக் கோடுகளை இடைகளில் இடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலேயே கோடுகளை வரையச் செய்தது. எனவே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இருள் தங்கியது. நின்டென்டோவின் படம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 வரிகளும் கொண்டது. அப்புள்ளிகள் சதுரமுமல்ல, நான்குக்கு மூன்று என்ற அளவுள்ள திரையை நிரப்புவதற்காகச் சற்றே அகன்றவை. ஒளி மிகுந்த புள்ளி பருத்துத் தோன்றும். மங்கிய புள்ளி மெலிந்து தோன்றும். ஒன்றின் விளிம்பு அடுத்ததனோடு கலந்து போகும்.

அக்கால ஓவியர் இந்தக் கலப்பைக் குறையெனக் கருதவில்லை. அதனையே ஒரு தூரிகையாகக் கொண்டனர். 1991இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'சொனிக்' ஆட்டத்தில் ஓர் அருவி உண்டு. புள்ளிகளை உள்ளபடி பார்த்தால் அது நெடுக்கோடுகளின் வரிசை. ஒரு கோடு இருந்தால் அடுத்தது வெற்றிடம். ஆனால் சாதாரணக் கம்பி வழியே பழைய பெட்டிக்குச் சென்றபொழுது கோடும் வெற்றிடமும் கலந்து, பின்னாலுள்ள பாறை தெரியும் கண்ணாடி போன்ற நீராயிற்று. இன்றைய தட்டைத் திரை அந்த நெடுக்கோடுகளைப் பிழையின்றிக் காட்டுகிறது; ஆனால் நீரைக் காட்டவில்லை. கூர்மை கூடியது, படம் குறைந்தது.

இன்னொரு சான்று பலருக்கும் நினைவிருக்கலாம். வாத்துச் சுடும் ஆட்டத்துக்கு ஒரு துப்பாக்கி தருவார்கள். அதிலிருந்து ஒன்றும் வெளியே பாய்வதில்லை. திரையின் ஒளியை உள்வாங்கும் கண் மட்டுமே அதனுள் உண்டு. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்சதுரமாகும்; துப்பாக்கி அவ்வெண்மையைக் கண்டால் வாத்து விழும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். புதிய திரைகள் படத்தைப் பெற்று ஒழுங்குசெய்து காட்டச் சிறிது தாமதிக்கின்றன. ஆதலால் அதே துப்பாக்கி அவற்றின் முன் குருடாகிவிடுகிறது. பெட்டி வெறும் சட்டமன்று, ஆட்டத்தின் ஓர் உறுப்பு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கணக்கு செய்யும் மாயம்

மகன் செய்த வேலை இந்த இழப்பை ஈடு செய்வதே. 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்னும் மென்பொருளை வெளியிட்டுக் கடைத்தெரு விளையாட்டுப் பொறிகளைக் கணினியிற் காப்பாற்றும் பணியைத் தொடங்கினார். அது முதல் உலகெங்கும் ஆர்வலர் பலர் பழைய பொறிகளை மட்டுமன்றிப் பழைய திரைகளையும் கணக்கினால் மீட்க முயன்று வருகின்றனர்.

கணக்கு எளிது, பொறுமைதான் வேண்டும். பையனின் திரையில் 1080 வரிசைகள் உள்ளன. ஆட்டத்தின் வரிகளோ 240. வகுத்தால் நாலரை வரும். அரை வரிசை என்று ஒன்று திரையில் இல்லையாதலால், சில வரிகள் நான்கு வரிசை கொண்டும் சில ஐந்து கொண்டும் ஏறுமாறாகத் தடிக்கும். ஆகவே அவன் நான்கால் மட்டும் பெருக்கி 960 வரிசைகளில் படத்தை அமைத்து, மேலும் கீழும் அறுபது அறுபது வரிசைகளைக் கறுப்பாக விட்டிருந்தான். 2160 வரிசையுள்ள திரையானால் ஒன்பது மடங்கு மீதியின்றிப் பொருந்தும். ஒன்பது வரிசைகளில் நடுவே ஒளியை நிறைத்து, இரு ஓரங்களிலும் படிப்படியாக மங்கச் செய்தால் கற்றை இழுத்த கோடு உயிர்பெறும். வரிகளுக்கிடையே இருளைச் சேர்ப்பதனாற் படத்தின் மொத்த ஒளி குறையும். அதனை ஈடுசெய்யத் திரையின் ஒளியைக் கூட்ட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்திருந்தான் பிள்ளை. அப்படியானால் தந்தை ஏன் இல்லையென்றார்?

யாருடைய பெட்டி?

விடை எளிதானது. அவன் மீட்டது வேறொருவருடைய பெட்டியை.

இத்தகைய நிரல்களை எழுதுவோரிற் பலர் தம் கண்முன் கொள்வது அமெரிக்க வீடுகளின் வண்ணப் பெட்டியையோ, தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த விலையுயர்ந்த கண்காணிப்புத் திரையையோ ஆகும். அவற்றை நாவலடி எங்கே கண்டது? இலங்கையிலே முதற் தொலைக்காட்சிச் சேவை 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் வந்தது. நம் உறவினர் ஆட்டம் பயின்ற தொண்ணூறுகளில் போர் நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் வந்தால் வரும், போனால் போகும். வீட்டிலிருந்ததோ மோட்டார் வண்டிப் பற்றரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. பற்றரியைச் சைக்கிளின் பின்னே கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவார்கள். ஆட்டப் பொறியை அன்ரெனாக் கம்பி செருகும் துளையிலே செருகி, அலைவரிசைத் திருகியைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தேடிப் பிடிப்பார்கள்.

"எங்கட ரி.வி.யில நிறமே இல்லியே மனே," என்றார் தந்தை. "கொன்ட்ராவில ஒராளுக்கு நீலக் காற்சட்டை, மத்தாளுக்குச் சிவப்பு எண்டு நான் இண்டைக்குத்தான் காணுறன். எங்களுக்கு ரெண்டும் சாம்பல். நான் ஆர், தம்பி ஆர் எண்டு ஒவ்வொருக்காலும் சண்டைதான்."

பையன் சிரித்தான். நிறத்தை அகற்றினான். "அப்பா, இப்ப?" இல்லை, நுண்புள்ளிகள் இன்னும் இருந்தன. அப்பொழுதுதான் அவனுக்கு உறைத்தது. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளும் அவற்றுக்குப் பின்னே நிற்கும் துளைத்தகடும் வண்ணக் குழாய்க்கே உரியவை. கறுப்பு வெள்ளைக் குழாயில் ஒரே கற்றை, ஒரே சீரான பூச்சு. புள்ளிகளை நீக்கினான். பின்னர் வரிகளின் இருளைக் குறைத்தான். அன்ரெனா வழியே வந்த படம் அத்துணைக் கூர்மையாக இராது. வளைவைச் சற்றே கூட்டினான். மேலும் கீழும் விட்டிருந்த கறுப்புப் பட்டைகளைச் சுட்டி, "இது எங்கட ரி.வி.யிலயும் இரிந்த," என்றார் தந்தை. அவர் சொன்னது மெய். நம் முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 288 வரை உண்டு. ஆட்டமோ 240 வரிகளையே நிரப்பியது.

ஆயினும் ஏதோ ஒன்று குறைந்தது. அது என்னவென்று தந்தைக்கும் சொல்லத் தெரியவில்லை. பையன் திரையைப் படமெடுத்துச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பினான். சற்று நேரத்திற் சிற்றப்பாவின் குரல் கைப்பேசியில் வந்தது: "எல்லாம் சரி. ஆனா ஓரத்தில எறும்பு ஊருமே, அது எங்க?"

"எறும்பா?" என்றான் பையன். தந்தை துள்ளி எழுந்துவிட்டார். "ஓம் ஓம்! ஆள்ர ஓரத்தில சின்னச் சின்னப் புள்ளி ஊரும். எப்பிடி மறந்தன்!"

கற்பனையோ என்று நாம் ஐயுற்றோம். பையன் ஐயுறாமல் ஆராய்ந்தான். வண்ணத் தொலைக்காட்சியை வகுத்தோர், ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் அதே ஒளிபரப்பைக் காண வேண்டுமென்பதற்காக, ஒளியின் அளவைச் சொல்லும் அலையின் மீதே நிறத்தைச் சொல்லும் வேகமான அலையை ஏற்றி அனுப்பினர். வண்ணப் பெட்டி அவற்றைப் பிரித்தறியும். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு நிறமென ஒன்று இருப்பதே தெரியாது. அது அந்த வேக அலையையும் ஒளியென்றே எண்ணி நுண்புள்ளிகளாக வரைந்துவிடும். ஆழ்ந்த நிறம் மாறும் விளிம்புகளில் அப்புள்ளிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். எறும்பு மெய்யே! அவர்கள் ஒருநாளும் கண்டிராத நீலமும் சிவப்புமே எறும்பு வடிவத்தில் அந்தப் பெட்டியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

நள்ளிரவுக்குச் சிறிது முன்னர் எறும்பும் வந்து சேர்ந்தது. தந்தை ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் அணிந்தார். பிறகு, அந்தப் பெட்டி எந்த மேசையில் இருந்தது, மேசைக்கு அப்பால் எந்தச் சன்னல், சன்னலுக்கு வெளியே எந்தத் தென்னை என்று ஒவ்வொன்றாக மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அதுவரை அந்த வீட்டைப் பற்றித் தாம் அவனிடம் பேசியதே இல்லை என்று பின்னர் நம்மிடம் கூறினார்.

யாழ் தந்த பாடம்

'பழுதடைந்த படத்தை மீட்க இவ்வளவு பாடா? தெளிவாக உள்ளதை விட்டு மங்கலைத் தேடுவது பேதைமையன்றோ?' என்று வினவுவோர் உண்டு. இக்கேள்விக்கு மட்டக்களப்பு மண்ணே விடை வைத்திருக்கிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். வழக்கொழிந்து போன யாழை மீட்கப் புகுந்த அவர், 'யாழ் போலும் ஒன்று' செய்து மனநிறைவு கொண்டாரல்லர். சிலப்பதிகாரத்திலும் பிற நூல்களிலும் உள்ள குறிப்புகளை எடுத்து, நரம்புகளின் அளவையும் சுரங்களின் விகிதத்தையும் கணக்கிட்டு, அக்கணக்கின்படி யாழ்களைச் செய்வித்தார். அவர் இயற்றிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடி உப்போடையிலுள்ள சிவானந்த வித்தியாலயத்தில் அவரது சமாதியை இன்றும் காணலாம்.

யாழையும் விளையாட்டுப் பெட்டியையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. செய்முறை ஒன்று என்பதே நாம் காட்ட விரும்புவது. மீட்டலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு அதுவே. போலி, பழமைபோல் தோன்றினாற் போதுமென நிற்கும். வரியும் வளைவும் மங்கலும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பழமையென எண்ணும். மீட்டலோ, அந்தப் பொருள் எவ்வாறு இயங்கியது என்று கேட்கும். கண்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும். இரண்டும் ஒத்துவரும் வரை ஓயாது.

விபுலாநந்தருக்கு வாய்க்காத பேறு ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. பழைய யாழைக் கேட்ட செவி ஒன்றேனும் அவர் காலத்தில் இருக்கவில்லை, ஏடுகளே சாட்சி. பழைய பெட்டியைப் பார்த்த கண்களோ இன்று நம் வீடுகள்தோறும் இருக்கின்றன. அண்ணன் மறந்ததைத் தம்பி நினைவில் வைத்திருக்கிறார். ஆயினும் அக்கண்கள் என்றும் நம்மோடு இரா. கேட்க வேண்டியதை இன்றே கேட்பது நலம்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இம்முயற்சியில் இறங்க விரும்பும் பிள்ளைகள் முதலில் படத்தை நான்குக்கு மூன்று அளவில் நிறுத்துக. அகன்ற திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால் வீரர் எல்லாரும் பருத்துப் போவர். வரிகளை முழு எண்ணாற் பெருக்குக. வேகத்தையும் கவனிக்க: ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செக்கனுக்கு ஏறத்தாழ 60 முறை, நம் நாட்டில் 50. அங்கு செய்த ஆட்டத்தைத் திருத்தாமல் இங்கு ஓட்டினால் ஆட்டமும் பாட்டும் ஆறிலொரு பங்கு மெதுவாகும். பின்னரே வரி, மங்கல், வளைவு என ஒவ்வொன்றாகச் சேர்க்க. ஒவ்வொரு படியிலும் வீட்டுப் பெரியவரை அழைத்துக் காட்டுக.

ஊரில் எங்கேனும் உயிருள்ள பழைய பெட்டி இருந்தால் அதனைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைப்பேசியின் படப்பிடிப்பு நேரத்தை ஐம்பதில் ஒரு செக்கனுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். குறைத்தால் கற்றை பாதித் திரையை வரைவதற்குள் படம் முடிந்து, குறுக்கே கருநிழல் விழும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். பழைய பெட்டியின் பின்மூடியைப் பிள்ளைகள் திறக்க விடாதீர்கள். குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னழுத்தம் உண்டு. நிறுத்திய பின்னரும் அது சிறிது காலம் தங்கியிருக்கும். குழாய்க் கண்ணாடியில் ஈயமும் கலந்துள்ளது. ஆகவே உடைத்து வாவிக்கரையில் எறிவது மீனுக்கும் நமக்கும் கேடு. வேண்டாத பெட்டியை இலத்திரனியற் கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

அன்றிரவு நாம் புறப்பட்டபொழுது, பையன் மறுபடியும் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தான். சுவிற்சர்லாந்திலிருந்து சிற்றப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் இரு வீரர் ஓடினர். "இதில நான் ஆர்?" என்று கைப்பேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எனக்கெப்பிடித் தெரியும்?" என்று வீட்டுக்குள்ளிருந்து மறு குரல் எழுந்தது. முப்பது ஆண்டுக்கு முற்பட்ட சண்டை அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கிற்று. படலையைச் சாத்திக்கொண்டு நாம் வெளியேறினோம்.